பெயர் தெரியாப் பொருளின் நிறமாலை

பொருளின் மீது ஒளி விழும்போது அதில் ஒரு பங்கைப் பொருள் விழுங்கிக்கொள்கிறது. ஒரு பங்கு ஊடுருவிச் செல்கிறது. மிகச் சிறிய பங்கு தன் ஆற்றலைச் சற்றே மாற்றிக்கொண்டு சிதறுகிறது. எந்த ஆற்றலில் என்ன நடந்தது என்று வரைந்த படம்தான் நிறமாலை. அணுவும் மூலக்கூறும் தமக்கென அமைந்த ஆற்றல் படிகளை மட்டுமே ஏற்கும் என்பதால் அந்தப் படத்தில் பொருளின் அடையாளம் பதிந்துவிடுகிறது. 1860-இல் ஹைடல்பர்க் நகரில் பன்சனும் கிர்க்காஃபும் டுர்க்ஹைம் ஊற்றுநீரின் உப்பைச் சுடரில் காட்டியபோது, அதுவரை எந்தத் தனிமமும் தராத நீலக் கோடுகளைக் கண்டார்கள். சீசியம் அப்படித்தான் உலகுக்குத் தெரியவந்தது. கையில் எடுத்துப் பார்க்கும் அளவுக்கு அதன் உப்பு சேர்வதற்கு முன்பே அதன் இருப்பு உறுதியாகிவிட்டது.

ஆனால் எல்லா நிறமாலையும் எல்லாக் கேள்விக்கும் விடை தராது. எக்ஸ் கதிர் அணுவின் உட்கூட்டு எலக்ட்ரானைப் பெயர்க்கிறது. அதனால் எந்தத் தனிமம் என்று சொல்லும், அது எந்தச் சேர்மத்தில் இருக்கிறது என்று சொல்லாது. புற ஊதா ஒளியும் கண்ணுறு ஒளியும் வெளிக்கூட்டு எலக்ட்ரான்களை எழுப்புகின்றன. ஒன்றுவிட்டு ஒன்றாக அமைந்த இரட்டைப் பிணைப்புகளைக் காட்ட அவை நல்லவை. அகச்சிவப்பு ஒளி பிணைப்புகளை அதிரவைக்கிறது; எந்தெந்த வினைத் தொகுதிகள் உள்ளன என்பது அதில் தெரியும். வலிய காந்தப் புலத்துக்குள் வைத்த அணுக்கருவோடு ரேடியோ அலை பேசும். ஒவ்வொரு ஹைட்ரஜனும் கார்பனும் எந்த அண்டை அயலோடு இருக்கின்றன என்பதை என்.எம்.ஆர். அங்கிருந்துதான் அறிகிறது. நிறைமானியில் ஒளி எதுவும் இல்லை. மூலக்கூறை அயனியாக்கி எடை பார்க்கும் கருவி அது. ஆயினும் ஆய்வு மேசையில் மற்றவற்றிலிருந்து பிரிக்க முடியாத துணை.

எனவே கருவியைத் தேர்வதற்கு முன் கேள்வியை ஒரு வரியில் எழுதிவிட வேண்டும். ‘இது என்ன?’ என்று மட்டும் கேட்டால் எந்தக் கருவியிலிருந்து தொடங்குவது என்று தெரியாது. ‘இந்த மாத்திரையில் இருப்பது பாராசிட்டமால்தானா?’, ‘இந்த நூல் பட்டா, பாலியெஸ்டரா?’, ‘இந்த மஞ்சள் தூளில் ஈயம் கலந்திருக்கிறதா?’ என்று கேட்டால் வழி தெளிவாகிவிடும். முதல் இரண்டும் அகச்சிவப்பில் தொடங்கும். மூன்றாவது எக்ஸ் கதிருக்குப் போகும்.

மாதிரி

பிழைகளில் பெரும்பாலானவை மாதிரியைக் கையாளும்போதே நுழைந்துவிடுகின்றன. கலவையின் நிறமாலை அதில் உள்ள எல்லாப் பொருள்களின் நிறமாலைகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்த படம். அதை ஒரே பொருளின் படமாக எண்ணிப் படித்தால், உலகில் இல்லாத ஒரு மூலக்கூறுதான் கிடைக்கும். ஆகவே மெல்லடுக்கு நிறப்பகுப்புத் தட்டில் ஒரு புள்ளி வைத்து ஓடவிட்டுப் பார்ப்பதும், திண்மமானால் உருகுநிலை பார்ப்பதும் முதல் வேலை. ஒரே புள்ளி தெரிந்து, பொருள் குறுகிய வெப்ப இடைவெளிக்குள் உருகினால் அது ஓரளவு தூயது என்று கொள்ளலாம்.

அடுத்து ஈரம். அகச்சிவப்பில் தண்ணீர் 3400 செ.மீ.⁻¹ அலைஎண் அருகே அகன்ற பட்டையையும் 1640 அருகே இன்னொன்றையும் தரும். உலராத மாதிரியில் இவை ஆல்கஹாலாகவும் அமைடாகவும் வேடம் போடும். பொட்டாசியம் புரோமைடு வில்லை செய்பவர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம்; அந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும், மழைக்காலத்தில் இன்னும் வேகமாக இழுக்கும். 100 முதல் 200 மில்லிகிராம் உப்புக்கு 1 அல்லது 2 மில்லிகிராம் மாதிரி போதும். அரைப்பதற்கு முன் உப்பை அடுப்பில் உலர்த்தி, உலர்கலனில் ஆறவிட வேண்டும்.

இப்போது பல ஆய்வகங்களில் வில்லைக்குப் பதிலாக வைரப் பரப்பின் மீது மாதிரியை வைத்து அழுத்தும் முறை வந்துவிட்டது. வேலை ஒரு நிமிடத்தில் முடிகிறது, மாதிரியும் கெடுவதில்லை. இரண்டு செய்திகளை மட்டும் மறக்கக் கூடாது. இந்த முறையில் ஒளி மாதிரிக்குள் ஏறக்குறைய 1 அல்லது 2 மைக்ரோமீட்டர் ஆழம்தான் போகும். ஆகவே மேற்பூச்சுள்ள பொருளில் பூச்சின் நிறமாலையே கிடைக்கும். வைரமும் 1800 முதல் 2300 வரை தானே ஒளியை விழுங்குவதால் அந்தப் பகுதி இரைச்சலாக இருக்கும். நைட்ரைல் தேடுபவர் அங்கே கவனமாக இருக்க வேண்டும்.

வெறும் கருவியின் பின்னணியை அன்றன்றே, மாதிரியை வைப்பதற்குச் சற்று முன்பு எடுப்பது நல்லது. 2350 அருகே ஒரு முகடு தோன்றினால் அது அறையின் கார்பன் டைஆக்சைடு. கருவியின் அருகில் குனிந்து மூச்சுவிட்டாலே அது உயரும். 1730-இல் எதிர்பாராத எஸ்டர் பட்டை வந்தால், அல்லது நிறை நிறமாலையில் 149 என்ற எண் தலைகாட்டினால், பிளாஸ்டிக் குழாயிலிருந்தோ மூடியிலிருந்தோ கரைந்துவந்த தாலேட்டை முதலில் சந்தேகிக்க வேண்டும். கரைப்பானை மட்டும் தனியே ஆவியாக்கி, எஞ்சியதைப் பதிவு செய்து வைத்தால் இந்தச் சந்தேகம் உடனே தீரும்.

அகச்சிவப்புப் பட்டைகளைப் படிக்கும் வரிசை

4000 முதல் 400 செ.மீ.⁻¹ வரை நீளும் படத்தில் இருபது முப்பது பட்டைகள் இருக்கும். எல்லாவற்றுக்கும் பெயர் வைக்க முயல்வது வீண் வேலை. முதலில் கண் போக வேண்டிய இடம் 1650 முதல் 1800 வரையிலான பகுதி. கார்போனைல் இருந்தால் இங்கே படத்திலேயே வலிமையான பட்டைகளுள் ஒன்று நிற்கும். சாதாரண கீட்டோனுக்கு 1715, எஸ்டருக்கு 1735 முதல் 1750, அமைடுக்கு 1650 முதல் 1690; பட்டு, நைலான் போன்றவற்றில் இன்னும் சற்றுக் கீழே. கார்பாக்சிலிக் அமிலத்துக்கு 1710 அருகே கார்போனைல் பட்டையும், 2500 முதல் 3300 வரை அகன்று சரிந்த ஓர் ஓ-ஹெச் பட்டையும் சேர்ந்து வரும். கார்போனைலை ஒட்டி இரட்டைப் பிணைப்போ பென்சீன் வளையமோ இருந்தால் எண் ஏறக்குறைய 30 குறையும்.

இந்த இடத்தில் இல்லாமைக்கு இருப்பதைவிட மதிப்பு அதிகம். 1720-இல் ஒரு பட்டை இருந்தால் கீட்டோனா, ஆல்டிஹைடா, அமிலமா என்று இன்னும் தேட வேண்டும். அந்தப் பகுதி வெறுமையாக இருந்தால் இவை எல்லாமே ஒரே வீச்சில் விலகிவிடுகின்றன. அனுபவமுள்ளவர்கள் நிறமாலையை விலக்கிக்கொண்டே போவதற்குத்தான் முதலில் பயன்படுத்துகிறார்கள்.

பிறகு 3000 என்ற எல்லைக்கோடு. அதற்குச் சற்றுக் கீழே தெரிவது ஒற்றைப் பிணைப்புக் கார்பனின் ஹைட்ரஜன்; சற்று மேலே தெரிவது பென்சீன் வளையத்தின் அல்லது இரட்டைப் பிணைப்பின் ஹைட்ரஜன். 3200 முதல் 3600 வரை அகன்ற மேடு ஆல்கஹாலையோ ஃபீனாலையோ குறிக்கும். 3300 முதல் 3500 வரை கூரிய இரட்டை முகடு தெரிந்தால் அது முதல்நிலை அமீன், ஒற்றை முகடானால் இரண்டாம்நிலை. 2100 முதல் 2260 வரை மும்மைப் பிணைப்புக்கு ஒதுக்கிய பகுதி; பெரும்பாலான பொருள்களில் அங்கே எதுவும் இருக்காது. 1500-க்குக் கீழே உள்ள நெரிசலான பகுதியை வேதியியலார் விரல்ரேகைப் பகுதி என்பார்கள். அங்கே ஒவ்வொரு பட்டையையும் விளக்க வேண்டியதில்லை. உண்மை மாதிரியின் படத்தை மேலே வைத்து ஒத்துப்பார்த்தால் போதும்.

நெசவுநூல் சோதனை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பாலியெஸ்டர் நூலை வைரப் பரப்பில் அழுத்தினால், பென்சீன் வளையத்தை ஒட்டிய எஸ்டர் ஆதலால் எண் சற்றுக் குறைந்து, 1715-இல் வலிய எஸ்டர் பட்டை எழும். பட்டில் அது இருக்கவே இருக்காது. பட்டு புரதம் ஆகையால் 1620-ஐயும் 1515-ஐயும் ஒட்டி இரண்டு அமைடு பட்டைகள் வரும். மரக்கூழிலிருந்து செய்த செயற்கைப் பட்டில் இவை எதுவும் இல்லாமல் 1000 முதல் 1100 வரை செல்லுலோஸின் பெரும்பட்டை மட்டும் ஓங்கி நிற்கும். தடுமாற்றம் வருவது நைலானில்தான், அதுவும் அமைடு. அங்கே பட்டைகள் 1635, 1540 என்று சற்றே மேலே நகர்ந்திருக்கும். 2930, 2860 ஆகிய இடங்களில் நீண்ட கார்பன் சங்கிலியின் பட்டைகள் பட்டைவிடத் தெளிவாகத் தெரியும். சேலையிலிருந்து நூலை உருவாமலே, முந்தானைக் குஞ்சத்தை வைத்தே இதைச் செய்துவிடலாம். பாவும் ஊடையும் வேறுவேறு நூலாக இருக்கக்கூடும் என்பதால் இரண்டையும் தனித்தனியே பார்ப்பது அவசியம்.

ஒரு வெள்ளைத் தூளின் கதை

உறை இல்லாத ஒரு வெள்ளை மாத்திரை வந்திருக்கிறது என்று கொள்வோம். அதில் மாவுச்சத்தும் வேறு நிரப்பிகளும் இருக்கும் என்பதால் பொடித்து அசிட்டோனில் கலக்கி வடிகட்டுவது முதல் படி. மாவுச்சத்து வடிதாளில் தங்கும். வடிநீரை ஆவியாக்கினால் எஞ்சும் வெள்ளைத் தூள் 169 பாகை செல்சியஸ் அருகே உருகுகிறது.

அகச்சிவப்பில் 3326-இல் ஒரு கூரிய முகடு. அதன் வலப்புறம் 3160-ஐ மையமாகக் கொண்ட அகன்ற மேடு. 1654-இல் வலிய பட்டை. 1610, 1506 ஆகிய இடங்களில் வளையப் பட்டைகள். இடையில் 1565-இல் இன்னொன்று. 1654-உம் 1565-உம் சேர்ந்து இரண்டாம்நிலை அமைடைக் காட்டுகின்றன. 3326-இன் ஒற்றை முகடு அதற்குத் துணை நிற்கிறது. அகன்ற மேடு ஃபீனாலின் ஓ-ஹெச் ஆக இருக்கலாம். 1680 முதல் 1800 வரை வலிய பட்டை எதுவும் இல்லாததால் எஸ்டரும் அமிலமும் விலகுகின்றன. ஆஸ்பிரினாக இருந்தால் 1750, 1690 என்று இரண்டு கார்போனைல் பட்டைகள் வந்திருக்கும்.

நிறை நிறமாலையில் மூலக்கூறு அயனி 151. ஒற்றைப்படை எண் என்பதால் நைட்ரஜன் அணுக்களின் எண்ணிக்கையும் ஒற்றைப்படை. இங்கே ஒன்று என்று கொள்வது இயல்பு. குளோரின் இருந்தால் இரண்டு அலகு தள்ளி மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் துணை முகடு தோன்றும்; புரோமின் என்றால் ஏறக்குறைய சம உயரத்தில் தோன்றும். இரண்டும் இல்லை. மிக உயர்ந்த முகடு 109. இடையில் கழன்றது 42. அசிட்டைல் தொகுதி கீட்டீனாக உதிரும்போது கழலும் எடை அது. 8 கார்பன், 9 ஹைட்ரஜன், 1 நைட்ரஜன், 2 ஆக்சிஜன் என்ற வாய்ப்பாடு 151-க்குப் பொருந்துகிறது. அதற்குரிய நிறைவுறாமைக் கணக்கு 5: பென்சீன் வளையத்துக்கு 4, கார்போனைலுக்கு 1.

இங்கே நிறுத்திப் பாராசிட்டமால் என்று எழுதிவிட ஆசை வரும். அதே வாய்ப்பாட்டில், அதே எடையில் வேறு சேர்மங்கள் உண்டு. மெத்தில் 4-அமினோபென்சோயேட் அவற்றில் ஒன்று. அதை விலக்குவது எளிது: அமீனின் இரட்டை முகடு அகச்சிவப்பில் வரும், நிறைமானியில் 31 கழன்று 120 உயர்ந்து நிற்கும். கடினமானவை பாராசிட்டமாலின் உடன்பிறப்புகள். ஓ-ஹெச் தொகுதி வளையத்தில் நான்காம் இடத்துக்குப் பதிலாக மூன்றாம் இடத்திலோ இரண்டாம் இடத்திலோ இருந்தால் எடையும் வினைத் தொகுதிகளும் மாறுவதில்லை.

இந்த முடிச்சை என்.எம்.ஆர். அவிழ்க்கிறது. டியூட்டீரிய டைமெத்தில் சல்ஃபாக்சைடில் கரைத்து எடுத்த படத்தில் 2.0 பி.பி.எம். அருகே மூன்று ஹைட்ரஜன்களுக்கான ஒற்றை முகடு அசிட்டைலின் மெத்தில். 6.7-இலும் 7.3-இலும் இரண்டிரண்டு ஹைட்ரஜன்களுக்கான இரட்டை முகடுகள். 9.1, 9.6 அருகே ஒவ்வொன்று; ஒரு துளி கனநீர் விட்டுக் குலுக்கினால் அவை இரண்டும் மறைந்துவிடும் என்பதால் அவை ஓ-ஹெச், என்-ஹெச். 2.5-இல் தெரிவது கரைப்பானின் மிச்சம். அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. வளையத்தின் நான்கு ஹைட்ரஜன்கள் இரண்டு இரட்டை முகடுகளாக மட்டும் பிரிவதற்கு, தொகுதிகள் இரண்டும் எதிரெதிர் முனையில் இருந்தாக வேண்டும். மூன்றாம் இடமாகவோ இரண்டாம் இடமாகவோ இருந்தால் வளைய ஹைட்ரஜன் நான்கும் நான்கு வெவ்வேறு குரலில் பேசியிருக்கும். இப்போதுதான் பாராசிட்டமால் என்று எழுதலாம்.

ராமன்

அகச்சிவப்பு தடுமாறும் பல இடங்களில், ஆற்றல் மாறிச் சிதறும் ஒளியைப் படிக்கும் ராமன் முறை தடையின்றி நடக்கிறது. 1928 பிப்ரவரி 28-இல் கல்கத்தாவில் சி.வி. ராமனும் கே.எஸ். கிருஷ்ணனும் கண்ட சிதறல் மிக மங்கலானது. சிதறும் ஒளித்துகள்களில் ஏறக்குறைய கோடியில் ஒன்றுதான் ஆற்றலை மாற்றிக்கொள்கிறது. லேசர் வந்த பிறகே அது அன்றாடக் கருவி ஆயிற்று. தண்ணீர் ராமனில் மங்கலாகவே தெரிவதால் நீர்க்கரைசலை அப்படியே பார்க்கலாம். கண்ணாடிக் குப்பியைத் திறக்காமலே உள்ளே இருப்பதைப் படிக்கலாம். சமச்சீரான பிணைப்புகள் அகச்சிவப்பில் ஒளிந்துகொள்ளும், ராமனில் பளிச்சிடும். 400-க்குக் கீழே உள்ள படிக அதிர்வுகளும் கிடைப்பதால் கனிமங்களுக்கும் ரத்தினங்களுக்கும் இது முதல் தேர்வு. ஒவ்வொன்றும் தன் முகட்டால் தெரியும்: வைரம் 1332, படிகக்கல் 464, கால்சைட் 1086.

ஒரே வேதிப்பொருளின் இரண்டு படிக வடிவங்களைப் பிரிப்பதிலும் இதன் கை ஓங்கியிருக்கிறது. டைட்டானியம் டைஆக்சைடின் அனடேஸ் வடிவம் 144-இல் மிக வலிய முகடு தரும். ரூட்டைல் 447, 612 ஆகிய இடங்களில் தரும். 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று சொல்லப்பட்ட வின்லாந்து வரைபடத்தின் கோடுகளில் 2002-இல் ராமன் ஆய்வு அனடேஸைக் காட்டியது. அந்த நிறமி 1920-களில்தான் தொழிற்சாலையில் செய்யப்படத் தொடங்கியது. வரைபடத்தை வைத்திருக்கும் யேல் பல்கலைக்கழகம் 2021-இல் அது போலி என்று அறிவித்தது.

ராமனின் பகை ஒளிர்வு. மஞ்சள் தூளைப் பச்சை லேசரில் வைத்தால் குர்குமின் ஒளிர்ந்து படம் முழுவதையும் மூழ்கடித்துவிடும். 785 அல்லது 1064 நானோமீட்டர் லேசருக்கு மாறினால் பெரும்பாலும் தணியும். கருமையான பொருளில் லேசரின் திறனைக் குறைத்துத்தான் தொடங்க வேண்டும். இல்லையேல் மாதிரி கருகி, கரியின் நிறமாலை மட்டும் மிஞ்சும்.

தனிமம் மட்டும் தெரிந்தால் போதும் என்றால்

நகைக்கடைகளில் காரட் மீட்டர் என்று வழங்கும் பெட்டி எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவிதான். தங்கம் 9.71 கிலோ எலக்ட்ரான் வோல்ட், செம்பு 8.05, வெள்ளி 22.16 என்று ஒவ்வொரு தனிமமும் தன் எண்ணில் ஒளிர்கிறது. உயரங்களிலிருந்து விழுக்காடு வருகிறது. உரைகல்லைவிட இது நுட்பமானது என்பதில் ஐயமில்லை. ஆனால் தங்கத்தில் இந்தக் கதிர் மேற்பரப்பின் சில மைக்ரோமீட்டர்களுக்கே சாட்சி சொல்லும். தடித்த முலாம் பூசிய நகை 916 என்று காட்டக்கூடும். ஹால்மார்க் மையங்களில் சிறு துண்டை எடுத்து ஈயத்தோடு உருக்கிப் புடமிடும் பழைய முறை இன்றும் இறுதிச் சோதனையாக இருப்பது இதனால்தான்.

மஞ்சளுக்கு நிறமேற்றக் கலக்கும் ஈயக் குரோமேட்டைப் பிடிக்கவும் இதே கருவி உதவுகிறது. ஈயத்தின் முதன்மைக் கோடு 10.55-இல் வருகிறது. ஆர்சனிக்கின் முதன்மைக் கோடு 10.54. இரண்டையும் கருவியால் பிரிக்க முடியாது. ஆகவே ஈயத்தின் இரண்டாம் கோடு 12.61-இல் இருக்கிறதா, ஆர்சனிக்கின் 11.73 இல்லையா என்று பார்த்த பிறகே ஈயம் என்று சொல்ல வேண்டும். கூடவே 5.41-இல் குரோமியமும் எழுந்தால் ஈயக் குரோமேட் என்ற ஐயம் வலுக்கும். ஐயம்தான், சேர்மம் எது என்பதை இந்தக் கருவி தானாகச் சொல்லாது.

பொருத்தமும் பொருந்தாமையும்

இன்றைய மென்பொருள் ஆயிரக்கணக்கான படங்களோடு ஒப்பிட்டு, நூற்றுக்கு 97 பொருத்தம் என்று ஒரு பெயரை நீட்டும். தொகுப்பில் இருக்கும் பெயர்களுக்குள் மிக நெருங்கியது எது என்பதற்கு மேல் அந்த எண்ணுக்குப் பொருள் இல்லை. தொகுப்பில் இல்லாத பொருளுக்கும் அது ஒரு பெயர் சொல்லியே தீரும். இரண்டு படங்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக விரித்து, விளக்க இயலாத ஒரே ஒரு பட்டை எஞ்சுகிறதா என்று கண்ணால் பார்ப்பதே நம்பத்தக்க வழி.

எஞ்சும் கோட்டை அலட்சியம் செய்யக் கூடாது என்பதற்கு 1868 சான்று. ஆகஸ்ட் 18-இல் அன்றைய சென்னை மாகாணத்துக் குண்டூரில் சூரிய கிரகணத்தை ஜான்சென் நிறமாலைக்காட்டியில் பார்த்தார். சூரியப் பிழம்புகள் ஒளிக்கோடுகளாகத் தெரிந்தன. அதே ஆண்டு இங்கிலாந்தில் லாக்கியர் அந்தப் பிழம்புகளின் மஞ்சள் கோட்டை அளந்தபோது, சோடியத்தின் 589.0, 589.6 நானோமீட்டர்க் கோடுகளோடு அது ஒட்டவில்லை. இரண்டு நானோமீட்டர்கூட இல்லாத வேறுபாடு. அன்று பூமியில் அறியப்பட்ட எந்தப் பொருளும் தராத அந்தக் கோட்டுக்கு உரிய ஹீலியத்தை 1895-இல் ராம்சே யுரேனியக் கனிமம் ஒன்றிலிருந்து பிரித்தெடுத்தார்.

கண்டறியும் எல்லையும் நினைவில் இருக்க வேண்டும். கிளிசரினில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு கலந்திருக்கிறதா என்று அகச்சிவப்பில் பார்த்தால், நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவான கலப்பு கிளிசரினின் பட்டைகளுக்குள் மறைந்துவிடும். மருந்துத் தரநூல்கள் அனுமதிக்கும் உச்சம் நூற்றுக்கு 0.1. அதற்கு வாயு நிறப்பகுப்பு முறைதான் வேண்டும். 1937-இல் அமெரிக்காவில் டைஎத்திலீன் கிளைக்காலில் கலக்கிய ஒரு மருந்து நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. இருமல் மருந்துகளில் அதே நஞ்சு பின்னரும் குழந்தைகளின் உயிரைக் குடித்திருக்கிறது. ‘அகச்சிவப்பில் கிளிசரினோடு பொருந்துகிறது’ என்ற ஒரு வரியை ‘கலப்படம் இல்லை’ என்று யாரும் படித்துவிடாதபடி அறிக்கை எழுதுவது ஆய்வாளரின் கடமை.

அறிக்கையில் மாதிரி எங்கிருந்து, எந்த நாளில் எடுக்கப்பட்டது, எப்படிப் பிரித்துத் தூய்மை செய்யப்பட்டது, எந்த முறையில் எந்தக் கரைப்பானில் பதிவானது, எந்த உண்மை மாதிரியோடு ஒப்பிடப்பட்டது என்பவை இடம்பெற வேண்டும். எவை பொருந்தின என்பதற்குப் பக்கத்திலேயே எவை விலக்கப்பட்டன, எந்தப் பட்டையால் விலக்கப்பட்டன என்று எழுத வேண்டும். விளக்கம் கிடைக்காத முகட்டை அதன் எண்ணோடு குறிக்க வேண்டும். மென்பொருள் சீராக்கிய படத்தோடு சீராக்காத மூலப் பதிவையும் சேர்த்து, எஞ்சிய மாதிரியை மூடி முத்திரையிட்டுப் பெயர்ச்சீட்டோடு வைத்திருந்தால் வேறொரு ஆய்வகம் அதே சோதனையை முதலிலிருந்து செய்து பார்க்க முடியும்.